சீனாவுக்குப் போகுமுன் கமராவைப் பழகுங்கள்



சென்ற வாரம் ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது என் சகோதரியின் மகன் வந்து காத்திருந்தான். தையல் சாமான் கடை வைத்திருக்கிறான். பொத்தான், லேஸ், சிப், நூல் என்று கைக்குள் அடங்குகிற சாமான்கள்தான் அவனுடைய வியாபாரம். இத்தனை காலமும் புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்து விற்றவன், வருகிற ஒக்டோபரில் முதல்முறையாகச் சீனா போகிறான். டிக்கெட், விசா எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியாக ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, சாமான்களப் படமெடுக்க போன் போதுமா, இல்லாட்டி ஒரு கமரா வாங்கணுமா?"

போதும், போதாது என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் போய் நான் பட்ட நட்டம் நினைவுக்கு வந்ததால், தேநீர் வரவழைத்து அவனை உட்காரவைத்தேன். அவனுக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சாமான் எடுக்க வெளிநாடு போகும் சகோதரர்கள் இன்று நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2005 ஏப்ரலில் நான் குவாங்சோவுக்குப் போனேன். கென்டன் கண்காட்சி அங்கே 1957 இலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. கண்காட்சியைச் சுற்றிப் பார்ப்பது, பிறகு துணிச் சந்தைக்குப் போய் நோன்புப் பெருநாளுக்குப் பெண்களின் ஷோல் எடுப்பது, இதுதான் திட்டம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கொழும்பில் ஒரு கடையில் கெனன் பவர்ஷொட் ஏ75 என்ற டிஜிட்டல் கமராவை வாங்கினேன். 3.2 மெகாபிக்சல், நான்கு சிறிய பெட்டரிகள். அதுவரை பிலிம் கமராதான் பழக்கம். 36 படம் எடுத்து, ஸ்டூடியோவில் கொடுத்து, கழுவி வரும்வரை என்ன விழுந்திருக்கிறது என்று தெரியாது. எடுத்தவுடனே பார்க்கலாம் என்பதே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. பெட்டியைத் திறக்காமலே பயணப் பைக்குள் வைத்தேன். விளக்கப் புத்தகத்தை விமானத்தில் படிக்கலாம் என்று நினைத்தேன். விமானத்தில் தூங்கிவிட்டேன்.

துணிச் சந்தையில் ஒரு கடையில் நல்ல ஷோல்கள் கிடைத்தன. முப்பது, முப்பத்தைந்து நிறம் இருக்கும். எல்லாவற்றையும் இலக்கத்தோடு படமெடுத்தேன். சின்னத் திரையில் பார்த்தபோது எல்லாம் அழகாகவே தெரிந்தன. கடைக்காரப் பெண் துணித் துண்டுகள் ஒட்டிய அட்டையைத் தந்தாள். பைகளின் பாரம் ஏற்கனவே அதிகம். கமராவில்தான் இருக்கிறதே என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஊர் வந்து படங்களை பிரிண்ட் எடுத்து, கல்முனை, காத்தான்குடி, அக்குறணை என்று கடை கடையாகக் காட்டினேன். கடைக்காரர்கள் விரும்பிய நிறங்களின் இலக்கங்களை எழுதி ஓடர் அனுப்பினேன். மொத்தம் 2,400 ஷோல். நோன்பு தொடங்குமுன்பே சாமான் வந்தது. பெட்டியை உடைத்தபோது எனக்குத் தலை சுற்றியது. பிஸ்தாப் பச்சை என்று நான் ஓடர் எடுத்தது சாம்பல் நிறமாக வந்திருந்தது. கடும் நீலம் என்று காட்டியது கத்தரிப்பூ நிறமாக இருந்தது. இந்த இரண்டு நிறத்தில் மட்டும் 800 ஷோல்.

சீனாக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று இரண்டு நாள் ஏசிக்கொண்டு திரிந்தேன். பிறகு இலக்கங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தால், நான் எழுதி அனுப்பிய இலக்கம்தான் வந்திருக்கிறது. அவன் அனுப்பியது சரியான சாமான். பிழை என் படத்தில் இருந்தது.

காத்தான்குடியில் ஒரு ஹாஜியார், வாப்பாவின் காலத்திலிருந்து எங்களோடு வியாபாரம் செய்பவர், ஷோலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இது நீங்க காட்டின கலர் இல்லையே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் வேண்டுமென்று செய்யவில்லை என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? காட்டியது ஒன்று, கொடுத்தது ஒன்று. யாரும் மறுக்குமுன் நானே எல்லாவற்றையும் திருப்பி எடுத்தேன். பெருநாள் முடிந்து அந்த 800 ஷோலையும் வாங்கிய விலைக்கும் கீழே தள்ளினேன். காசு போனது ஒருபுறம். அடுத்த வருடம் படத்தை நீட்டியபோது அதே ஹாஜியார், "படம் வேணாம், துண்டு இருந்தாக் காட்டுங்க" என்றார்.

ஏன் இப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். வெளிச்சத்துக்கும் நிறம் உண்டு. மஞ்சள் பல்பின் வெளிச்சம் செம்மஞ்சள், பழைய டியூப் லைட்டின் வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கும், மேகமூட்டமான நாளின் வெளிச்சத்தில் நீலம் கூடும். நம் கண்ணும் மூளையும் இதைத் தாமாகவே சரிசெய்துகொள்வதால், எந்த விளக்கின் கீழும் வெள்ளைக் கடதாசி நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. கமரா எது வெள்ளை என்று ஊகிக்கத்தான் முடியும். ஊகம் பிழைத்தால் எல்லா நிறமும் சேர்ந்து பிழைக்கும். டியூப் லைட்டுகள் நிறைந்த அந்தச் சந்தையில் நான் கமராவைத் தானியங்கி நிலையிலேயே வைத்திருந்தேன். வெளிர் சாம்பலில் பச்சை ஏறி அது பிஸ்தாவாகிவிட்டது. கத்தரிப்பூ நிறம் வேறு கதை. சில வகை ஊதாக்களை டிஜிட்டல் கமராக்கள் நீலமாகப் பதிவது இன்றும் நடக்கிறது, விலை கூடிய கமராவும் இதில் தப்பாது.

இதற்குக் கமராவிலேயே மருந்து உண்டு. 'வைட் பெலன்ஸ்' என்று ஒரு அமைப்பு இருக்கும். சூரியன், மேகம், பல்பு, டியூப் லைட் என்று சின்னச் சின்னப் படங்கள் போட்டிருப்பார்கள். நிற்கிற இடத்தின் வெளிச்சத்துக்கு ஏற்றதைத் தெரிவுசெய்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதைவிட நல்லது, வெள்ளைக் கடதாசியைக் காட்டி 'இதுதான் வெள்ளை' என்று கமராவுக்குச் சொல்லிக்கொடுப்பது. எது முடியாவிட்டாலும், ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஒரு துண்டு வெள்ளைக் கடதாசி விழும்படி எடுங்கள். ஊருக்கு வந்து படத்தைப் பார்க்கும்போது அந்தக் கடதாசி பச்சையாகத் தெரிந்தால், துணியின் நிறத்தையும் நம்பக்கூடாது என்று விளங்கிவிடும். இயன்றால் சாமானைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுங்கள். துணித் துண்டு தந்தால் வாங்காமல் வராதீர்கள். பாரமாக இருந்தால் நான்கு பிஸ்கட் பக்கெட்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

இனி மருமகனின் கேள்விக்கு வருகிறேன்.

இன்றைய நல்ல போன் ஒன்றில் இருக்கும் கமரா, நான் 2005 இல் கொண்டுபோனதைவிடப் பல மடங்கு மேலானது. பாத்திரம், பாதணி, பை, விளையாட்டுச் சாமான், தளபாடம் எடுக்கப் போகிறவருக்குப் போன் தாராளமாகப் போதும். இதற்காகத் தனியாகக் கமரா வாங்குவது வீண் செலவு. ஆனால் இரண்டு வகையானவர்கள் யோசிக்கவேண்டும். ஒன்று, சின்னச் சாமான் வியாபாரிகள். மாணிக்கக்கல், நகை, பொத்தான், லேஸ் போன்றவற்றை மிகக் கிட்டே போய் எடுக்கவேண்டும். பல போன்களின் பிரதான லென்ஸ் ஒரு சாணுக்குக் கிட்டே போனால் மங்கிவிடும். கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு சூம் செய்து எடுப்பது ஓரளவுக்கு உதவும். மற்றவர், பத்து நாள் தங்கி நாளொன்றுக்கு இருநூறு, முந்நூறு படம் எடுக்கப் போகிறவர். சீனாவில் போன்தான் உங்கள் பணப்பை. அலிபேயில் காசு கட்டுவது, வீசெட்டில் கடைக்காரருடன் கதைப்பது, டெக்ஸி பிடிப்பது, வழி பார்ப்பது, மொழிபெயர்ப்பது எல்லாம் அதிலேதான். படமெடுத்து எடுத்துப் பிற்பகல் மூன்று மணிக்கே போன் செத்துவிட்டால் தேநீர்கூட வாங்கிக் குடிக்க முடியாமல் நிற்பீர்கள்.

கமரா வாங்குவது என்று முடிவெடுத்தால், முதலில் மெகாபிக்சல் கணக்கில் மயங்கவேண்டாம். விற்பவர் முதலில் சொல்வது அதைத்தான். கணக்கு எளிது. ஸ்டூடியோவில் எடுக்கும் ஆறுக்கு நாலு அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட 1800 பெருக்கல் 1200 புள்ளி போதும், அதாவது சுமார் 2 மெகாபிக்சல். ஏ4 தாள் அளவில் விலைப்பட்டியல் அச்சிடுவதற்கும் 9 மெகாபிக்சலுக்குள் அடங்கும். 50 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்யும் போன்கள் பலவும் நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படத்தைத்தான் சாதாரணமாகத் தருகின்றன.

சூமிலும் இரண்டு வகை. லென்ஸ் நகர்ந்து கிட்டே கொண்டுவருவது ஒப்டிகல் சூம். டிஜிட்டல் சூம் என்பது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவது. பத்திரிகைப் படத்தைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பது போன்றது, புதிதாக ஒன்றும் தெரியாது. நமக்கு வேண்டியது தூரத்துச் சூமைவிடக் கிட்டத்துப் பார்வை. பூப் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும், அதற்குப் பெயர் மெக்ரோ. எத்தனை சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம் என்று கேளுங்கள். என் ஏ75 ஐந்து சென்டிமீட்டர் வரை போகும். அந்தப் பூவுக்கு அர்த்தம் தெரியாமல் ஒரு வருடம் வைத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

சந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை, வியாபாரிகளான நமக்கு இது தெரிந்திருக்கவேண்டும். ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கின்படி 2010 இல் உலகச் சந்தைக்கு 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கமராக்கள் அனுப்பப்பட்டன. 2023 இல் அது 80 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. போன் விழுங்கிவிட்டது. அதனால் பெயர்பெற்ற கம்பனிகளின் மலிவான சிறிய கமராக்கள் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. அந்த இடத்துக்குப் பெயர் தெரியாத கமராக்கள் வந்திருக்கின்றன. பெட்டியில் 48 மெகாபிக்சல், 16 மடங்கு சூம் என்று போட்டிருக்கும். சூம் முழுவதும் டிஜிட்டல். பிள்ளைகளின் விளையாட்டுக்குச் சரி.

அதைவிட, நல்ல கம்பனியின் பாவித்த கமரா மேல் என்பது என் கருத்து. கவனமாகப் பார்த்து வாங்கவேண்டும். அந்த மொடலுக்குப் பெட்டரியும் சார்ஜரும் இன்றும் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கார்ட் எந்த வகை என்று பாருங்கள். எஸ்.டி. கார்ட் எங்கும் கிடைக்கும். ஒலிம்பஸ், புஜி பழைய கமராக்களில் இருந்த எக்ஸ்-டி கார்ட் இப்போது உற்பத்தியில் இல்லை. கடையிலேயே வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் லென்ஸுக்குள் இருக்கும் தூசும் பூஞ்சணமும் தெரிந்துவிடும். நம் நாட்டுச் சூட்டிலும் ஈரத்திலும் பூஞ்சணம் சாதாரணம். புதிதாக வாங்கினால் உத்தரவாதம் கம்பனியினதா, கடையினதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கார்ட் வாங்கும்போது இன்னொரு மோசடி. 128 ஜி.பி. என்று அச்சிட்டிருக்கும், உள்ளே உண்மையில் 8 ஜி.பி. தான் இருக்கும். கம்பியூட்டரில் போட்டால் 128 என்றே காட்டும். எட்டு நிறைந்தபிறகு எடுக்கும் படங்கள் பதிவானதுபோல் தோன்றும், ஆனால் இருக்காது. புறப்படுமுன் வீட்டிலேயே கார்டை முழுவதும் நிரப்பிப் பார்த்து, கடைசியாகப் பதிந்ததும் திறக்கிறதா என்று பாருங்கள்.

வாங்குவதைவிடப் பழகுவது முக்கியம். பயணத்துக்கு ஒரு மாதமாவது முன்பு வாங்குங்கள். இஷாவுக்குப் பிறகு கடையைப் பூட்டுமுன் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். நம் கடை டியூப் லைட்டும் அங்கேயுள்ள கடை விளக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், பள்ளிக்கூடம் வேறெங்கும் தேடவேண்டியதில்லை. பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்தால் கமரா தூரத்தைக் கணித்துக்கொள்ளும், பிறகு முழுதும் அழுத்தவேண்டும். இதைக் கை தானாகச் செய்யும்வரை பழகவேண்டும். பிளாஷை அணைத்துவிடுங்கள். பளபளப்பான பெட்டி, பொலித்தீன் உறை, நகை எதிலும் பிளாஷ் பட்டால் வெள்ளைப் பொட்டுத்தான் மிஞ்சும். வெளிச்சம் குறைந்தால் கை நடுக்கம் படத்தில் விழும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். போனில் எடுப்பவர்கள் நிறத்தை மெருகூட்டும் பில்டர்களை அணைத்துவிடவேண்டும். கல்யாண வீட்டுக்கு அது நல்லது, நமக்கு அது சத்துரு.

பழகியாயிற்றா என்று அறிய நான் வைத்திருக்கும் பரீட்சை இதுதான். கடையில் இருபது சாமானைப் படமெடுங்கள். கடைப் பையனைக் கூப்பிட்டுப் படத்தை மட்டும் காட்டி, இந்தச் சாமான் எந்த இறாக்கையில் இருக்கிறது, எடுத்து வா என்று சொல்லுங்கள். அவன் பிழையான சாமானை எடுத்து வந்தால் பையனை ஏசவேண்டாம்.

சந்தையில் நிற்கும்போது ஓர் ஒழுங்கு வேண்டும். பத்துக் கடை ஏறி இறங்கியபிறகு எந்தப் பை எந்தக் கடையினது என்று யாருக்கும் நினைவிருக்காது. யீவூ சந்தையைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நான் முதலில் கடையின் இலக்கப் பலகையை எடுப்பேன். பிறகு கடைக்காரரின் விசிட்டிங் கார்டைச் சாமானின்மேல் வைத்து ஒரு படம். அடுத்தது அடிக்கோலைப் பக்கத்தில் வைத்து. அளவு தெரியாத படத்தைப் பார்த்து ஓடர் கொடுத்து, கைப்பை கேட்டவருக்குச் சில்லறைப் பை வந்த கதைகள் உண்டு. கடைசியாக, சொன்ன விலை, குறைந்தபட்ச எண்ணிக்கை, ஒரு பெட்டியில் எத்தனை, பெட்டியின் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அதையும் சாமானோடு வைத்து எடுப்பேன். கமராவின் திகதியும் நேரமும் சரியாக இருந்தால் பின்னர் எல்லாம் வரிசையாக வரும். சீன நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னால். நான் போன காலத்தில் இரண்டு மணித்தியாலம்தான், 2006 ஏப்ரலில் நம் கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்தள்ளினார்கள்.

கேட்காமல் எடுக்காதீர்கள். தங்கள் மாதிரியைப் பார்த்து வேறொருவர் செய்துவிடுவார் என்ற பயம் கடைக்காரருக்கு உண்டு. படமெடுக்கக்கூடாது என்று பலகை தொங்கும் கடைகள் நிறைய. அங்கே ஒளித்து எடுப்பது நமக்கு அழகல்ல. உட்கார்ந்து விலை பேசி, வாங்குகிற ஆள் என்று நம்பிக்கை வந்தபிறகு கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். குடிவரவு, சுங்கப் பகுதிகளில் கமராவை வெளியே எடுக்கவே வேண்டாம். படமெடுப்பது மார்க்கத்தில் கூடுமா என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உலமாக்களின் கருத்து வேறுபாடு உயிருள்ளவற்றைப் பற்றியது. பொத்தானுக்கும் பாத்திரத்துக்கும் அந்தக் கவலை இல்லை.

இரவில் ஹோட்டலுக்கு வந்தவுடன் அன்றைய படங்களை வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவையுங்கள். மடிகணினியிலோ இன்னொரு கார்டிலோ இருக்கட்டும். கார்டையும் பிரதியையும் ஒரே பைக்குள் போடவேண்டாம். வட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று நம்பியிருக்காதீர்கள், சீனாவின் இணையத்தில் வட்ஸ்அப்பும் கூகுளும் தடுக்கப்பட்டவை. வீசெட்டில் அனுப்பினால் மூலப் படமாக அனுப்பும்படி தெரிவுசெய்யவேண்டும், இல்லாவிட்டால் படத்தைச் சுருக்கிவிடும். ஊர் வந்தபின் வட்ஸ்அப்பில் அனுப்புவோர் 'டொகியுமென்ட்' ஆக அனுப்பினால் தெளிவு குறையாது.

உதிரி பெட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வரவேண்டும், பெரிய பையில் போட்டால் விமான நிலையத்தில் பையைத் திறக்கவைப்பார்கள். 100 வொட்-அவர் வரை அனுமதி. 20,000 என்று போட்ட சாதாரண பவர் பேங்க் சுமார் 74 வொட்-அவர், பிரச்சினையில்லை. ஆனால் குவாங்சோவிலிருந்து யீவூவுக்கு உள்ளூர் விமானத்தில் பறப்பவர்கள் கவனியுங்கள். சீன உள்நாட்டு விமானங்களில் 3சி முத்திரை இல்லாத பவர் பேங்கை 2025 ஜூன் 28 முதல் ஏற்றவிடுவதில்லை. இங்கே வாங்கியதில் அந்த முத்திரை இருக்கிறதா என்று இப்போதே திருப்பிப் பாருங்கள்.

மருமகன் இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பாவித்த கெனன் கமரா ஒன்றை வாங்கினான். மூன்று நாள் கழித்து இருபது படத்தோடு வந்தான். கடைப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினோம். பதினாறு சாமானைச் சரியாக எடுத்து வந்தான். பிழைத்த நாலும் வெள்ளை லேஸ். ஒன்றுக்கொன்று பின்னலில்தான் வித்தியாசம், வெள்ளைத் துணியின்மேல் வைத்து எடுத்திருக்கிறான். கறுப்பு அட்டை ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது.